அரம் யார் கையில்?

பையனுக்கு வயது 10.

அவனுக்கு ஒரு ஆசை. பந்தயத்தில் வண்டி விட வேண்டும்!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், கடற்கரை ஓரமாக மான்ஹாட்டன் பீச் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1953-ம் ஆண்டு அங்கே நடந்த கதை இது.

அந்த நாளில் அமெரிக்கச் சிறுவர்களுக்கு "சோப்புப் பெட்டிப் பந்தயம்" என்றால் உயிர். பெட்டி போன்ற வண்டிக்கு நான்கு சக்கரம் மாட்டுவார்கள். அதில் பையனே ஏறி உட்கார்ந்து கொள்வான். மேட்டில் இருந்து சரிவில் வண்டியை விடுவார்கள். என்ஜின் கிடையாது. மிதிக்கும் கட்டையும் கிடையாது. பூமி இழுக்கிற இழுப்பிலேயே வண்டி பறக்கும்! 1934-ம் ஆண்டு முதல் இது அகில அமெரிக்கப் போட்டியாகவே நடந்து வந்தது.

நம் கதையில் வரும் பையனும் அதில் சேர விரும்பினான். ஆனால் அதற்கு வயது போதவில்லை.

அவனுடைய தகப்பனார் பெயர் டான் மர்பி. நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்ற விமானக் கம்பெனியில் ஓவியப் பகுதிக்குப் பொறுப்பாளர். அதோடு, ஊரில் சின்னப் பிள்ளைகளின் சாரணர் படைக்கும் அவர்தான் தலைவர். நம் பள்ளிக்கூடங்களில் சாரணர் இயக்கத்தில் சேரும் சிறுவர்களைக் "குருளையர்" என்று சொல்வார்கள் அல்லவா? அதே போன்ற படைதான்.

மர்பி யோசித்தார். பையன் உட்காரும் வண்டிக்குத்தானே வயது வேண்டும்? பையன் உட்காராத வண்டி ஒன்று செய்தால் என்ன?

கையில் அடங்கும் ஒரு மரக்கட்டை. பைன் என்ற மெத்தென்ற மரம். 4 சக்கரங்கள். அச்சுக்கு 4 ஆணிகள். அவ்வளவுதான் சாமான். அதைச் செதுக்கிக் கார் செய்ய வேண்டியது பையனும் தகப்பனும்.

1953 மே 15-ந் தேதி முதல் பந்தயம் நடந்தது. 31 அடி நீளமுள்ள சரிவான பலகை. 55 சிறுவர்கள். எந்த வண்டி முந்தியது என்று சொல்ல, வாசலில் மாட்டும் அழைப்பு மணிகளை வைத்து, பாட்டரியில் இயங்கும் ஒரு கருவியும் செய்திருந்தார்கள்!

மறு ஆண்டே இந்த விளையாட்டு அமெரிக்கா முழுவதும் பரவியது. "பைன்வுட் டெர்பி" என்று பெயர். பைன் மரப் பந்தயம் என்று பொருள். இன்றும் நடக்கிறது. 2018-ம் ஆண்டு முதல் அந்தப் படைகளில் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக் கொள்கிறார்கள். அவர்களும் வண்டி விடுகிறார்கள். மர்பி 2008-ம் ஆண்டு காலமானார்.

தகப்பனும் மகனும் நெருங்கிப் பழக வேண்டும், கைவேலை பழக வேண்டும், தோற்றாலும் முகம் சுளிக்காமல் விளையாடப் பழக வேண்டும். இதுதான் மர்பி கண்ட நோக்கம்.

நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால், போட்டி என்று ஒன்று வந்துவிட்டால் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா?

தகப்பன் புகுந்தால்...

பந்தய நாளில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம் என்று அமெரிக்கர்களே சொல்லிச் சிரிக்கிறார்கள். சில வண்டிகள் கோணலாக இருக்கும். வர்ணம் திட்டுத் திட்டாக இருக்கும். பிள்ளை செய்தது என்று பார்த்தாலே தெரியும். சில வண்டிகளோ கண்ணாடி போல மின்னும். தொழிற்சாலையில் இருந்து நேரே வந்தது போல இருக்கும்! அந்த வண்டிக்குச் சொந்தக்காரப் பையனிடம், "இந்தச் சக்கரத்தை எப்படி மாட்டினாய், தம்பி?" என்று கேட்டால், அவன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பான்.

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல.

மர்பியின் பையன் சேர முடியாமல் போன அந்தப் பெரிய பந்தயத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். 1973-ம் ஆண்டு. ஓகையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் இறுதிப் போட்டி. 14 வயதுப் பையன் ஒருவன் முதல் பரிசு பெற்றான்.

ஆனால் அவனுடைய வண்டி, மற்ற வண்டிகள் அசைவதற்கு முன்பே பாய்ந்ததைச் சிலர் கவனித்தார்கள். இன்னொரு விசித்திரமும் இருந்தது. ஓட ஓட அதன் வேகம் குறைந்து கொண்டே வந்தது.

வண்டியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மூக்குக்குள் மின்காந்தம்!

வண்டிகளைத் தடுத்து நிறுத்தியிருக்கும் இரும்புத் தகடு முன்பக்கமாகச் சாயும்போது, காந்தம் அதைக் கவ்வி இழுக்கும். தகட்டோடு வண்டியும் முன்னே பாயும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பாட்டரி தீர்ந்து கொண்டே வந்ததால்தான் வேகம் குறைந்தது. பரிசைப் பறித்து அடுத்தவனுக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் காந்த யோசனை யாருடையது தெரியுமா? பையனைத் தன் வீட்டில் வைத்திருந்த உறவினருடையது. அதை அவரே பிறகு ஒப்புக் கொண்டார். அவமானம் யாருக்கு? படம் பத்திரிகையில் வந்தது பையனுக்கு!

வீட்டில் ஒரு பட்டறை

இவ்வளவும் படித்துவிட்டு எனக்கும் ஆசை வந்தது. எனக்கு 9 வயதில் ஒரு மகள். "வண்டி செய்வோமா?" என்றேன். "அணில் மாதிரி செய்யலாமா?" என்று கேட்டாள். முதுகில் மூன்று கோடு போட்டுக் கொள்ளலாமாம்.

மரத்துக்கு அலையவில்லை. வெளிநாட்டுச் சரக்கு வரும் பெட்டிகள் பல, பைன் மரத்தில் செய்தவை. பழைய பெட்டிப் பலகை விற்கும் கடையில் ஒரு துண்டு கிடைத்தது. தச்சர் ஒருவர் அளவாக அறுத்துக் கொடுத்தார். அமெரிக்க அளவு இதுதான்: நீளம் 7 அங்குலம், அகலம் 1¾ அங்குலம், உயரம் 1¼ அங்குலம். உடைந்த பொம்மைக் காரில் இருந்து சக்கரங்களைக் கழற்றிக் கொண்டோம். ஆணி, கடை ஆணி.

வேகம் எங்கே இருந்து வருகிறது? இதைத் தெரிந்து கொள்ளாமல் மரத்தில் கை வைக்கக் கூடாது.

வண்டிக்கு என்ஜின் இல்லை. உயரத்தில் இருந்து இறங்குவதுதான் அதற்குக் கிடைக்கும் ஒரே வலிமை. எல்லா வண்டியும் ஒரே உயரத்தில் இருந்துதான் இறங்குகிறது. ஆகவே, யார் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பது அல்ல கேள்வி. வழியில் யார் குறைவாகச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி!

செலவு மூன்று வழியில் போகிறது. காற்று தடுக்கிறது. சக்கரத்தைச் சுழல வைக்கக் கொஞ்சம் போகிறது. ஆணியும் சக்கரமும் உரசுவதில் நிறையப் போகிறது.

கனமான வண்டி முந்தும் என்று சொல்வார்கள். அது எப்படி? கல்லும் கூழாங்கல்லும் ஒன்றாகத்தானே விழும் என்று பள்ளியில் படித்தோம்? என் மகளும் இதைத்தான் கேட்டாள்.

இப்படிச் சொன்னேன். திருவிழாவுக்கு இரண்டு பேர் போகிறார்கள். ஒருவரிடம் 20 ரூபாய். இன்னொருவரிடம் 50 ரூபாய். நுழைவாயிலில் ஆளுக்கு 10 ரூபாய் கட்டணம். கட்டணம் ஒன்றுதான். ஆனால் யாருக்கு அது சுமை? 20 ரூபாய்க்காரருக்கு! காற்றும் இப்படித்தான். கனமான வண்டியிடமும், அதே உருவமுள்ள லேசான வண்டியிடமும் அதே கட்டணத்தைத்தான் வாங்கும். கனமான வண்டிக்கு அது உறைக்காது.

அதனால்தான் பந்தயத்தில் எடைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். 5 அவுன்சு. நம் கணக்கில் சுமார் 142 கிராம். வரம்பைத் தாண்டக் கூடாது. ஆனால் வரம்பைத் தொட வேண்டும். சமையலறைத் தராசு போதும்.

எடை கூட்ட, மரத்தில் குழி பறித்து இரும்பு நட்டு, சைக்கிள் குண்டு போன்றவற்றை வைத்து அடைக்கலாம். ஈயம் வேண்டாம். மீன் பிடிக்கும் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டு சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது விஷம். குழந்தைகள் கையாளக் கூடாது.

எடையை எங்கே வைப்பது? சரிவில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். அதன் பின்பக்கம்தானே உயரத்தில் இருக்கிறது? எடை அங்கே இருந்தால், அது கொஞ்சம் கூடுதல் உயரத்தில் இருந்து இறங்கும். ஒரே ஒரு விரல் மேல் வண்டியை வைத்துப் பாருங்கள். பின் அச்சுக்கு ஓர் அங்குலம் முன்னால் அது சாயாமல் நின்றால் சரி. இன்னும் பின்னால் கொண்டு போனால், முன் சக்கரம் தரையைக் கவ்வாது. வண்டி ஆட்டம் போடும்.

ஆணியில் இருக்கிறது சூட்சுமம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

கடை ஆணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொண்டைக்குக் கீழே சின்னச் சின்ன வரிகள் இருக்கும். உடம்பில் பிசிறு இருக்கும். ஆணியை அச்சில் அழுத்திச் செய்யும்போது ஏற்படுவது அது. சக்கரம் சுழல்வது இதன் மேல்தான். இந்தப் பிசிறு ஒவ்வொரு சுற்றிலும் வண்டியைப் பிடித்து இழுக்கும்.

முதலில் மெல்லிய அரத்தால் பிசிறை ராவ வேண்டும். பிறகு எமரித்தாளை நாடா போலக் கிழித்து, ஆணியைச் சுற்றிப் போட்டு, செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவர் துணியை இழுப்பது போல இப்படியும் அப்படியும் இழுக்க வேண்டும். சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து, வழவழப்பான தாளில் முடிக்க வேண்டும். கடைசியாக, பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ். ஆணி வெள்ளி போல மின்னும்.

பிறகு கிராபைட் தூள். பென்சிலின் நடுவே இருக்கும் கருப்புக் குச்சியை "லெட்" என்கிறோம். லெட் என்றால் ஈயம். ஆனால் அதில் ஈயமே கிடையாது! கிராபைட் என்ற கரிப் பொருளும் களிமண்ணும்தான் இருக்கின்றன. களிமண் கலக்காத தூள், பூட்டுக்குப் போடுவதற்காக விற்கிறது. அதைச் சக்கரத்தின் துளையில் போட்டுச் சுழற்றிவிட வேண்டும். எண்ணெய் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்துக் கொள்ளும்.

உருவத்தைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறார்கள். மூக்கு கூராக இருக்க வேண்டும், முதுகு தட்டையாக இருக்க வேண்டும் என்று. அதிலும் கொஞ்சம் லாபம் உண்டு. ஆனால் எடை, ஆணி, நேரான சக்கரம் இந்த மூன்றுக்கும் பிறகுதான் அது.

யோசித்துப் பாருங்கள். வேகத்துக்கு முக்கியமான வேலை எது? ஆணியைத் தேய்ப்பது, தராசில் நிறுப்பது, விரலில் வைத்து நிதானம் பார்ப்பது, தரையில் உருட்டி நேராகப் போகிறதா என்று கவனிப்பது. இதில் எது 9 வயதுப் பிள்ளையால் முடியாதது? வாள் போடுவதும், துளை போடுவதும்தான் ஆபத்தான வேலை. அது அரை மணி நேரம். மீதி எல்லாம் பொறுமை. பிள்ளைக்குப் பொறுமை உண்டு. பொறுமை இல்லாதவர்கள் நாம்தான்!

நான் செய்த காரியம்

ஊருக்குச் சொல்வது எளிது. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகள் முதல் ஆணியை ராவிக் கொண்டிருந்தாள். அரத்தைச் சுற்றிக் கொடுக்காமல் ஒரே இடத்தில் தேய்த்தாள். ஆணியின் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது.

"இப்படியா ராவுவது? கொடு இங்கே!" என்று அரத்தை வாங்கிக் கொண்டேன்.

அவளும் கொடுத்துவிட்டாள்.

எனக்கு வேலை சூடு பிடித்தது. நான்கு ஆணியும் முடிந்தது. சக்கரம் மாட்டி, விரலால் சுண்டினேன். அருமையாகச் சுழன்றது. "பார்த்தாயா!" என்று நிமிர்ந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. எப்போது எழுந்து போனாள் என்றே எனக்குத் தெரியாது. உள்ளே போய் டெலிவிஷன் பார்த்துக் கொண்டிருந்தாள்.

என் மனைவி வாசற்படியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வண்டி உங்களுக்கா, அவளுக்கா?"

வெட்கமாக இருந்தது. அந்த நான்கு ஆணிகளையும் எடுத்து மேஜை அறைக்குள் போட்டேன். புது ஆணி ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அரத்தையும் ஆணியையும் அவளிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்தேன். கையைக் கட்டிக் கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது! அவள் மூன்று ஆணிகளைப் பாழாக்கினாள். ஆணி என்ன விலை? நான்காவது ஆணி தேறியது. ஐந்தாவது நன்றாகவே வந்தது. அதற்கு மேல் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் சில ஊர்களில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கென்று தனிப் பந்தயம்! பந்தய வெறி பிடித்த தகப்பன்மார் தங்கள் பெயரிலேயே வண்டி செய்து கொண்டு வரட்டும், பிள்ளையின் வண்டியை விட்டுவிடட்டும் என்று. இன்னொரு ஏற்பாடும் பல இடங்களில் இருக்கிறது. ஒரு முறை தோற்றவனை வீட்டுக்கு அனுப்பாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எண்ணிக்கையில் ஓட்டங்கள் தருகிறார்கள். மூன்று வினாடி ஓட்டத்துக்காக மூன்று வாரம் மரம் செதுக்கிய பிள்ளை, ஒரே ஓட்டத்தோடு திரும்பிப் போக வேண்டுமா?

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். வேகமாக ஓடும் வண்டிகளை அங்கே முழுசாகச் செய்தே விற்கிறார்கள். பணம் கொடுத்தால் வண்டி வீட்டுக்கு வந்துவிடும். அதை வாங்கிப் பிள்ளை கையில் கொடுக்கும் தகப்பனார், கூடவே என்ன சொல்லிக் கொடுக்கிறார்? "உன்னால் முடியாது, ஆனால் நீ ஜெயிக்க வேண்டும்" என்றுதானே!

அணில் ஓடியது

எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டிக் கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டு, நீளமான சென்ட்ரிங் பலகைகள் இரண்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வாங்கிக் கொண்டோம். மாடிப்படியில் சாய்த்தோம். ஒவ்வொரு பலகையின் நடுவிலும் நீளவாட்டில் மெல்லிய ரீப்பர் ஒன்றை அடித்தோம். வண்டியின் சக்கரங்கள் ரீப்பருக்கு இரண்டு பக்கமும் ஓடும், தடம் மாறாது. அமெரிக்கத் தடமும் இதே அமைப்புதான்.

தெருப் பிள்ளைகள் 5 பேர் வண்டியோடு வந்தார்கள். ஒன்று நெருப்புப் பெட்டி போல இருந்தது. ஒன்றுக்குப் பெரிய கொம்பு.

முதல் ஓட்டத்தில் அணில் தோற்றது. பாதி வழியில் 'கிறீச்' என்று சத்தம். ரீப்பரில் உரசி, தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தது.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. இடது முன் சக்கரம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. எழுந்து போய் வண்டியைக் கையில் எடுத்தேன்.

மகள் வண்டியை என் கையில் இருந்து வாங்கிக் கொண்டாள். தரையில் வைத்து உருட்டினாள். அது ஒரு பக்கமாக வளைந்து போயிற்று. குனிந்து, ஒரு கண்ணை மூடிக் கொண்டு, சக்கரத்தைப் பார்த்தாள். மறுபடியும் உருட்டினாள்.

"இந்த ஆணிதான் கோணல்" என்றாள்.

"ஆமாம், நான்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்கள் தொட வேண்டாம், அப்பா. குறடு மட்டும் எடுத்துக் கொடுங்கள்."